சும்மா ஓடியவன்

ஐம்பதுகளின் கடைசியில் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எனக்குத் தபால் வேலை. காலையில் தலவாக்கலை டவுனுக்கு நடந்து போய்த் தபால் பையை எடுத்துக்கொண்டு மலையேறி வர வேண்டும். அவ்வளவு நடந்தவனுக்குச் சாயந்தரம் காலை நீட்டிப் படுக்கத்தானே தோன்றும்? எனக்கோ ஓடத் தோன்றியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து பாலம்வரை ஒரே ஓட்டம். ஏன் என்று கேட்டால் இன்றும் முழிப்பேன். ஓடும்போது யாரும் என்னை எதற்கும் அனுப்பவில்லை என்ற சந்தோஷம் இருந்தது. அது மட்டும்தானா என்றால் தெரியவில்லை. "நாய் தொரத்துதா?" என்று வழியில் கேலி செய்வார்கள். சிரித்துக்கொண்டே ஓடுவேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் யாரும் சும்மா ஓட மாட்டார்கள். ஒருவன் ஓடி வந்தால் எங்கோ சாவு, இல்லாவிட்டால் தீ. இது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் ஒரு நாள் கால் நன்றாக வந்ததால் பாலத்தைத் தாண்டியும் ஓடிவிட்டேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் ஓர் அக்கா இருந்தார். கொழுந்து பறிப்பவர். அவர் கணவரை நெஞ்சு நோவென்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. அங்கிருந்து எந்தச் செய்தியும் ஆபீஸ் டெலிபோனுக்குத்தான் வரும். கொண்டு போகிறவன் நான்.

அக்கா பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஓடி வருவதைப் பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, போயிட்டாரா!" என்று அலறினார். லயமே வெளியே வந்துவிட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் மூச்சுத்தான் வாங்கியது. நான் திணறத் திணற அழுகை கூடியது.

"ஒண்ணுமில்லக்கா... சும்மா ஓடுனேன்."

"சும்மாவா? சும்மா எவனாச்சும் ஓடுவானா?" என்று ஒருவர் அடிக்க வந்தார். அக்காதான் தடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நடந்தே வா தம்பி. நீ நடந்து வந்தாத்தான் எனக்கு உசுரு நிக்கும்" என்றார்.

அதோடு ஓட்டத்தை நிறுத்தினேன். மனசில் இருந்தது வெட்கமா, கோபமா, எனக்கே பிடிபடவில்லை. என் காலை நான் ஆட்ட ஊரைக் கேட்க வேண்டுமா என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அவர் அலறல் காதில் கேட்கும்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலை நான் தபாலோடு திரும்பியதும் டெலிபோன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்த கிளாக்கரய்யா, "ஆள் முடிஞ்சிருச்சு. அந்தப் பொம்பளகிட்ட ஓடிப் போய்ச் சொல்லு" என்றார்.

ஓடினால், நான் வாய் திறக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். நடந்தால், அவர் கணவர் நன்றாக இருக்கிறார் என்று நானே சொன்னதாகிவிடும். எது சரி? கொஞ்ச தூரம் ஓடினேன், நின்றேன், மறுபடி ஓடினேன். அக்கா பறித்துக்கொண்டிருந்த மலை கண்ணில் பட்டதும் கால் தானாக நடைக்கு வந்துவிட்டது.

மேலிருந்து அவர் பார்த்தார். கை அப்படியே நின்றது. பிறகு முகம் மலர்ந்து, பக்கத்து நிரையில் இருந்தவளிடம், "தம்பி நடந்துதான் வருது" என்றார். என்னைப் பார்த்து, "என்ன தம்பி, ஓட்டத்த விட்டுட்டியா?" என்று சிரித்தார்.

"விட்டுட்டேன்க்கா" என்றேன்.

அவர் திரும்பிக் கொழுந்து பறிக்கத் தொடங்கினார். அந்த நிரையை அவர் முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.