பெரிய குழலுக்கு இரண்டே சுரம்

ஜப்பான்காரன் காலத்தில் நான் அதிகமாகக் கோபப்பட்டது எங்கள் தோட்டத்து பேண்டுக்காரர்களிடம்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

மலாயாவில் கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். சண்டை வந்ததும் துரை சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். பால்வெட்டு நின்றுபோய், பாதி மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டிருந்தோம். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கென்று பலகைக் கோயில் ஒன்றும், அதைக் கவனிக்க வயதான உபதேசியார் ஒருவரும் உண்டு. பாட்டுக்குழு என் பொறுப்பு. பேண்டு யார் பொறுப்பிலும் இல்லை. கல்யாணம், சாவு எதுவானாலும் தானாக வந்து ஊதிவிட்டுப் போகும்.

அந்த வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். லாரி வரும், அவர்கள் கைகாட்டும் ஆண்கள் ஏற வேண்டும். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வந்ததில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களை மேய்த்த ஜப்பானிய அதிகாரிக்கு பேண்டு என்றால் பிடிக்கும். தங்கள் ராஜாவின் பிறந்தநாளுக்கு எங்கள் ஆட்களை ஊதவைத்துக் கேட்டவர். அறுப்பின் பண்டிகை ஆராதனைக்கு அனுமதி கேட்டு நானும் உபதேசியாரும் போனபோது, சீட்டில் 'பேண்டுக்காரர் ஒன்பது பேர்' என்று எழுதி முத்திரை குத்தினார். இந்த ஒன்பது பேரை லாரியில் ஏற்ற வேண்டாம், பெயர்களைப் பட்டியல் எழுதி அலுவலகத்தில் வைத்துக்கொள், பண்டிகைக்கு நானே வந்து கேட்கிறேன் என்றார்.

கேட்கிறேன் என்றாரே, அதுதான் என்னை ஆட்டிவைத்தது. ஊதத் தெரியாத ஆளை நாங்கள் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துவிட்டால் ஒன்பது பேரையும் ஏற்றிவிடுவார் என்று பயந்தேன். பயத்தோடு ஒட்டிக்கொண்டு ஓர் ஆசையும் இருந்தது. பாமாலைப் புத்தகத்தில் இருந்த பழைய அறுப்புப் பாட்டொன்றை நாலு குரலும் பேண்டுமாக ஒரு தடவையாவது ஒழுங்காகக் கேட்டுவிட வேண்டும்.

ஆள்வருகை எழுதும் பழைய செக்ரோல் தாள்களின் பின்பக்கத்தில் கோடு கிழித்து எழுதினேன். கிளாரினெட்டும் கார்னெட்டும் ஆர்மோனியத்துக்கு ஒரு சுரம் கீழே பேசுபவை. அவற்றுக்கு மட்டும் ஏற்றி எழுதிக் கொடுத்தால், "எங்களுக்கு மட்டும் ஏன் வேற பாட்டு?" என்று சண்டைக்கு வந்தார்கள். கிளாரினெட்டுக்கு நாக்குத் தட்டை கிடைக்காமல் மூங்கிலைச் சீவி வைத்திருந்தார்கள். அது பாதிப் பாட்டில் கீச்சிட்டு நின்றுவிடும். பெண்களோ ஒவ்வொரு வரியின் கடைசியையும் தாலாட்டுப் போல இழுத்தார்கள். தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். எங்கள் பேண்டில் யாருக்கும் நிறுத்தத் தெரியாது. ஊர்வலத்தில் ஊதிப் பழகியவர்கள். அங்கே முதலிலிருந்து கடைசிவரை எல்லோரும் ஒரே மெட்டை ஊதுவார்கள். நடுவில் வாயை எடுப்பவன் வேலைக்கு ஏய்ப்பவன், அவனுக்கு வெற்றிலை பாக்குகூடக் கிடைக்காது. நானோ மூன்றாம் சரணத்தைப் பெண்களுக்கு மட்டும் எழுதியிருந்தேன். அங்கே பேண்டு எட்டுத் தாளம் சும்மா நிற்க வேண்டும்.

பெரிய குழல் ஊதியவர் பால்வெட்டுக்காரர். கூச்ச சுபாவம், வாட்டசாட்டமான உடம்பு. அவருக்காகப் பாட்டின் அடிச்சுரத்தை இரண்டே சுரமாகக் குறைத்து எழுதினேன். அந்த இரண்டையும் நன்றாகவே ஊதினார். ஆனால் ஒவ்வொரு ஒத்திகையிலும் மூன்றாம் சரணத்தில், நாலாவது தாளத்தில், பெண்களின் குரலுக்கு நடுவே எருமை கத்துவதுபோல் அந்தக் குழல் கிளம்பிவிடும்.

"யோவ், எட்டு எண்ணுய்யா! எண்ணி முடிச்சப்புறம் ஊது!"

"எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன் ஐயா. எல்லாரும் பாக்கையில வாய எடுத்துட்டு நின்னா, வேல செய்யாம ஏய்க்கிறான்னு நெனைப்பாங்கன்னு கூச்சமா இருக்கு."

பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம், ஐந்தாவது முறையாக அந்தக் குழல் கிளம்பியது. தாளைக் கசக்கி எறிந்தேன். எல்லோர் முன்னாலும், "உன் ஒருத்தனால எட்டுப் பேரு சயாமுக்குப் போகணுமா?" என்று கத்தினேன். அலுவலகத்துக்கு வந்து அந்த ஒன்பது பேர் பட்டியலை எடுத்து, அவர் பெயரை அடித்தேன்.

உபதேசியார் பின்னாலேயே வந்தார். "பேரு இருந்துட்டுப் போகட்டும் தம்பி. பாவம், குடும்பஸ்தன்."

"கேக்க வர்றவருக்குக் காது இல்லயா ஐயா? மாட்டிக்கிட்டா எல்லாருமே போகணும்" என்றேன்.

அது பொய்யில்லை, அப்படித்தான் நம்பினேன். ஆனால் அன்று என் கையை ஓட்டியது பயமா, பாட்டு கெட்ட எரிச்சலா என்று கேட்டால், எரிச்சல்தான். இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

நாலாம் நாள் லாரி வந்தது. பேண்டுப் பட்டியலில் பெயர் இல்லாததால் அவர் ஏறினார்.

அவர் மனைவி பாட்டுக்குழுவில் ஆல்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடுபவர். மறுநாள் ஒத்திகைக்கு வரமாட்டார் என்று நினைத்தேன், வந்து தன் இடத்தில் நின்றார். நான் நிமிர்ந்து பார்க்காமல் ஆர்மோனியத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அன்று மூன்றாம் சரணத்தின் மௌனத்தில் பெரிய மேளக்காரர் இரண்டு அடி போட்டார். அவரை நான் திட்டவில்லை.

பண்டிகையன்று கோயில் முன்பக்கம் மரவள்ளிக்கிழங்கைக் குவித்து வைத்திருந்தோம். அறுப்பென்று எங்களிடம் இருந்தது அதுதான். அதிகாரி முதல் பெஞ்சில் வாளை முழங்காலுக்கிடையில் நிறுத்தி உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது. கிளாரினெட் கீச்சிட்டது. கார்னெட் ஒரு சுரம் தள்ளி நுழைந்து, தானே வெட்கப்பட்டுத் திரும்பியது. நான் அதிகாரியின் முகத்தையே பார்த்தேன். அவரோ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் எழுந்து, முத்திரைச் சீட்டை எடுத்து விரித்து, விரலால் ஒவ்வொருவராக மலாயில் எண்ணினார். "சத்து, டுவா, தீகா..." எட்டில் விரல் நின்றது.

"லாகி சத்து மானா?" இன்னொருவன் எங்கே என்று கேட்டார்.

சரியாக ஊதவில்லை, அதனால் நீக்கிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் சிரித்தார். அதே மலாயில், எனக்கு உங்கள் பாட்டில் நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாது, ஒன்பது பேர் வரிசையாக நின்றால் பார்க்க நன்றாக இருந்திருக்கும் என்றார். திரும்பக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். கையை வீசினார். "சூடா பெர்கி." போயாயிற்று.

தோட்டத்தில் மலாய் தெரியாதவர் யாருமில்லை. ஆராதனை முடிந்து, கிழங்கைப் பங்குபோட எல்லோரும் வெளியே போனபிறகு, பெரிய குழல்காரரின் மனைவி பாட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வந்தார். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"அப்ப அவரு குழல புடிச்சிட்டு சும்மா நின்னிருந்தாலே போதுமா ஐயா?"

"போதும்மா" என்றேன்.