மேடை விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு

உம்மாவின் அடுக்களை மேடை கறுப்புக் கிரானைட். சவூதியில் வேலை பார்க்கும் என் தம்பி, கோட்டாற்று வீட்டைப் புதுப்பித்தபோது தானே கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த கல். அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அவ்வளவு மினுக்கம். மேடைக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவுகளும் பொருத்தமாக இருக்கட்டும் என்று கறுப்பிலேயே போட்டிருந்தான். அடுக்களைக்குள் நுழைந்தால் நகைக்கடைக்குள் வந்துவிட்டோமோ என்று இருக்கும். உம்மா அந்தக் கல்லைப் பற்றி நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. மகன் வாங்கிப் போட்டது, அவ்வளவுதான்.

வாப்பா மவுத்தான பிறகு உம்மா அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார். ஒரு நாள் மீன்குழம்புச் சட்டி மேடையிலிருந்து சரிந்து முன்கையிலும் பாதத்திலும் கொட்டிவிட்டது. புண் ஆறிவிட்டது. தம்பியின் பயம் ஆறவில்லை. உம்மா இனிமேல் தனியாகச் சமைக்கக் கூடாது, வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு பார்வதிபுரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அங்கிருந்தே தீர்ப்பு எழுதினான். உம்மா ஒரே வார்த்தையில் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து நான் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்றும் சொன்னார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் என் சமையலைப் பற்றி எனக்கே தெரியும்.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. பெருநாளுக்குத் தம்பி லீவில் வருவான். அதுவரை நான் உம்மாவோடு தங்கிப் பார்க்க வேண்டும். உம்மாவால் சமாளிக்க முடிகிறது என்று தெரிந்தால் அடுக்களை உம்மாவுடையது. இல்லையென்றால் பூட்டு. என் வீட்டுக்காரர் ஓட்டல் சாப்பாட்டைப் பற்றி முனகிக்கொண்டே என்னை அனுப்பி வைத்தார்.

தம்பி தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவான். சலாம் சொல்லி முடித்ததும் போனை அடுக்களைப் பக்கம் திருப்பச் சொல்வான். மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காட்ட வேண்டும். மேடை சுத்தமாக இருந்தால் உம்மா நன்றாக இருக்கிறார் என்று அவன் கணக்கு. பரீட்சை எழுதுகிறவர் உம்மா, விடைத்தாள் அந்தக் கல். அதனால் அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பதை நான் என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன். மேடையின் முன் விளிம்பை ஒட்டி, அடுப்பிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை, அரை விரல் அகலத்தில் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும். மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது மறுபடியும் இருக்கும். உம்மாவிடம் கேட்டேன். உம்மா என் முகத்தைப் பார்க்காமல், "போர் தண்ணில்லா, உப்பு படியும்" என்றார்.

நியாயமான பதில்தான். எங்கள் தெருவில் போர் போட்ட வீடுகளில் எல்லாம் பக்கெட், குழாய், கெண்டி எதைப் பார்த்தாலும் வெள்ளை படிந்திருக்கும். உப்புக் கறைக்கு எங்கள் பக்கத்தில் முதல் மருந்து புளி, இரண்டாவது மருந்து செங்கல் பொடி. உருளி, குத்துப்போணி என்று பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் நாங்கள் அப்படித்தான் தேய்ப்போம், அவையும் தங்கம் போல வரும். கல்லுக்கும் அதுவே போதும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து தொடங்கி, புளியையும் செங்கல் பொடியையும் சேர்த்துக் கை வலிக்கத் தேய்த்தேன்.

கழுவிப் பார்த்தேன். வெள்ளைக் கோடு போயிருந்தது. கூடவே கல்லின் மினுக்கமும் போயிருந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கல் சாம்பல் பூத்து மங்கிக் கிடந்தது. அன்று சாயங்காலம் அந்த இடத்தின் மேல் முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் தம்பிக்கு மேடையைக் காட்டினேன். அவன் முறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒன்று ஏன் நடந்தது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. கல்லைத் தெரிந்தவர்களிடம் கேட்போம் என்று அடுத்த விடுமுறையில் கல் பட்டறைகள் நிறைந்த மயிலாடிக்குப் பஸ் ஏறினேன். ரோட்டோரப் பட்டறை ஒன்றில் ஒருவர் மேடைக் கற்களுக்கு விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தார். நான் செய்ததைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கல்லின் மினுக்கம் மேலே பூசுவதில்லையாம். முதலில் முரட்டுக் கல்லால் தேய்த்து, பிறகு நைசாக, அதைவிட நைசாக என்று தேய்த்துக்கொண்டே போனால் கல் தானாக மினுங்கத் தொடங்குமாம். நான் செங்கல் பொடியைப் போட்டு அந்த வரிசையைத் தலைகீழாக்கித் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டேன். புளி தன் பங்குக்கு, கடைக்காரர்கள் கூடுதல் கறுப்புக்காகத் தடவிவிடும் சாயத்தையும் எடுத்திருக்கும் என்றார். கிரானைட்டுக்குப் பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டும் தண்ணீரும் போதும், துடைத்த பிறகு ஈரம் நிற்காமல் காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும், புளியும் எலுமிச்சையும் பக்கத்தில் வரவே கூடாது. இவ்வளவுதான் கல்லைப் பராமரிக்கும் வித்தை.

அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றியும் கேட்டேன். தண்ணீர் எங்கே தேங்குமோ அங்கேதான் உப்பு படியும், வட்டம் வட்டமாகத்தான் வரும், நேர்கோடாக வந்து பார்த்ததில்லை என்றார். சொல்லிவிட்டு மெஷினைப் போட்டுக்கொண்டார். அவருக்கு அதில் அக்கறை இல்லை. எனக்கோ பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நேர்கோடுதான் தலைக்குள் ஓடியது.

நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். பிள்ளைகளுக்குக் குப்பிகளை எடுத்துக் கொடுப்பதும், அவர்கள் உடைத்தால் திட்டுவதும் என் வேலை. மறுநாள் அந்த வெள்ளையைப் பிளேடால் சுரண்டிக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன். தண்ணீரில் உள்ள உப்பு என்றால் அமிலம் பட்டதும் நுரைக்கும். ஒரு சொட்டு விட்டேன், நுரைக்கவில்லை. பக்கத்தில் அயோடின் குப்பி இருந்தது. சும்மா அதிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். வெள்ளை முழுவதும் கருநீலமாக மாறியது. மாவுப்பொருள் இருந்தால்தான் அப்படி மாறும் என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அரிசி மாவு. எனக்குச் சிரிப்பு வந்தது. போர் தண்ணீரை இத்தனை நாள் வீணாகத் திட்டியிருக்கிறேன். உம்மா காலையில் அரிசி ரொட்டி, அதுதான் பத்திரி, தட்டுவார், அந்த மாவுதான் சிந்தியிருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான், சிந்துகிற மாவு ஸ்கேல் வைத்தது போல விளிம்போடு போகாதே என்று உறைத்தது. ஒரு கை அதை இழுத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் அப்போது ஞாபகம் வந்தது. நான் தேய்த்துக் கெடுத்த இடத்தில்தான் உம்மா இப்போதெல்லாம் காய் வெட்டுகிறார். அதுவரை ஜன்னல் ஓரத்தில் வெட்டியவர், பலகையை எடுத்து வந்து அந்த மங்கிய வட்டத்தில் போட்டுக்கொள்கிறார். வெளிச்சம் இருக்கட்டுமே என்று நான் பலகையை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தால், திரும்பி வருவதற்குள் அது பழையபடி அங்கே வந்துவிடும். அழகான கல் இவ்வளவு நீளம் கிடக்கும்போது அசிங்கமான இடம் ஏன் பிடிக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

மறுநாள் விடியலில் உம்மா சுபுஹு தொழுது முடித்து அடுக்களைக்குப் போனதும் நானும் எழுந்து போனேன். உம்மா லைட்டைப் போட்டு, பத்திரிக்கு மாவு எடுத்தார். ஒரு பிடியைத் தனியாகக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். இடது கையால் மேடையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, வலது கைப் பெருவிரலை மாவில் தோய்த்து விளிம்போடு இழுத்துக்கொண்டு வந்தார். அடுப்பிலிருந்து தொட்டிவரை இழுத்து முடித்தபிறகு தேயிலைச் சட்டியை எடுத்தார். கோட்டைப் பார்த்து, அதற்கு உள்பக்கமாக நகர்த்தி வைத்தார். நான் அவருக்குப் பக்கவாட்டில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். உம்மா என்னைப் பார்க்கவில்லை.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்து நிற்கவில்லை. வெளிச்சத்தில்தான் நின்றேன். உம்மாவின் கண்ணுக்கு நான் அங்கே இல்லை.

"உம்மா" என்று மெல்லக் கூப்பிட்டேன். உம்மா திடுக்கிட்டுத் தலையை முழுதாக என் பக்கம் திருப்பினார். கையில் மாவு. சமாளிக்க ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். உள்ளதையே சொன்னார்.

"கல்லும் கறுப்பு, கதவும் கறுப்பு. எங்க முடியுதுன்னு தெரியல்லட்டி. போதாததுக்குக் கண்ணாடி மாதிரி மினுங்குது. ஒரு டம்ளர் வச்சா ரெண்டா தெரியுது. அன்னைக்குச் சட்டிய மேடைலதான் வச்சேன்னு நெனச்சேன். பாதி வெளிய இருந்திருக்கு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கண் என்று சொன்னால் தம்பி அன்றைக்கே பூட்டை அனுப்பிவிடுவான் என்றார். நான் சொல்லிவிடுவேன் என்று என்னிடமும் சொல்லவில்லையாம். காலையில் தனக்காகப் போட்டுக்கொண்ட விளிம்பைச் சாயங்காலம் நான் துடைத்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. தேயிலையை நான்தான் போட்டேன்.

நாகர்கோவிலில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் அழுத்தம் கூடிப் பக்கப் பார்வை போய்க்கொண்டே வந்திருக்கிறது என்றார். போனது திரும்பாது, மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். கறுப்போடு கறுப்பு சேர்ந்தால் ஓரம் தெரியாது, மினுங்குகிற பொருள் கண்ணைக் கூசவைக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, தம்பியின் அடுக்களையை நேரில் பார்த்துவிட்டுச் சொல்வது போலவே இருந்தது. உம்மா அந்த மங்கிய வட்டத்தைத் தேடிப் போனது ஏன் என்றும் அப்போதுதான் புரிந்தது. உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சமைக்கலாமா என்று மட்டும் கேட்டார். ஓரம் தெரிந்தால் தாராளமாகச் சமைக்கலாம் என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் மயிலாடிப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். நான் கெடுத்த வட்டத்துக்கு மினுக்கம் ஏற்றத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வந்தார். இருக்கிற மினுக்கத்தை எடுக்க வேண்டும் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முன் விளிம்பு நெடுக நான்கு விரல் அகலத்துக்குச் சொரசொரப்பாக வேண்டும் என்றேன். இவ்வளவு நல்ல கல்லில் கை வைக்க மனசு வரவில்லை என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

அன்றைக்கு நான் கண்ட வேடிக்கை வேறு. மினுக்கம் போகப் போகக் கறுப்புக் கல் வெளுத்துக்கொண்டே வந்தது. கழுவிக் காயவிட்டபோது விளிம்பு முழுவதும் வெளிர் சாம்பலாக, தூரத்திலிருந்தே தெரிந்தது. உம்மா உள்ளங்கையை வைத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடவிப் பார்த்தார். பிறகு போய் வெங்காயம் எடுத்து வந்து உரிக்க உட்கார்ந்தார். பட்டறைக்காரர் கிளம்பும்போது, இந்த ஓரம் எண்ணெயைக் குடிக்கும், தேங்காய் எண்ணெய் ஊறினால் பழையபடி கறுத்துவிடும் என்று எச்சரித்தார். ஆகவே இப்போது எங்கள் வீட்டில் எண்ணெய்க் குப்பிக்குத் தட்டு உண்டு, விளிம்பைத் தேய்க்கப் பழைய பல் பிரஷ் உண்டு. வெள்ளையாக இருந்துவிடக் கூடாது என்று துடைத்த நானே, கறுத்துவிடக் கூடாது என்று தேய்க்கிறேன்.

விளிம்பு தேய்த்த அன்றே சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். போனைத் திருப்பியதும், கல்லை யார் இப்படிக் கெடுத்தது என்று சத்தம் போட்டான். நான் வாய் திறப்பதற்குள் உம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"நான்தான் செய்யச் சொன்னேன் மக்கா. எனக்குக் கண்ணுல பாதி போச்சு. மிச்சத்துக்கு மருந்து விடுதேன். அந்த வெள்ள ஓரம் இருந்தா என்னால சமைக்க முடியும். நீ வந்து ஒரு நாள் நான் தாறதத் தின்னு பாரு. பெறவு பூட்டணும்னா பூட்டு."

நான் எட்டிப் பார்த்தேன். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பூட்டுகிற பேச்சை அவன் அன்றைக்கு எடுக்கவில்லை, பெருநாளுக்கு வந்தபோதும் எடுக்கவில்லை. அன்றைக்கு அவன் மேடையை மேற்கொண்டு காட்டச் சொல்லவும் இல்லை. போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து மெதுவாகக் கேட்டான்.

"உம்மா, நான் தெரியுதேனா?"

உம்மா போனைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"ஓரத்துல நிக்காத மக்கா. நடுவுல வா."