பின்சீட்டு

அம்மா போன பிறகு அப்பாவும் அண்ணனும் காரைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டார்கள். பேச்சு என்பதைவிடச் சண்டை என்று சொல்லலாம். எனக்கு அப்போது எட்டு வயது. அண்ணன் கல்லூரியில் கடைசி வருஷம்.

தேஹு ரோடு ராணுவ டெப்போவில் அப்பாவுக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. ஒரு நட்டு குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டிய உத்தியோகம் என்பதாலோ என்னவோ, குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற எங்கள் வெள்ளை அம்பாசிடரிலும் அவர் எதையும் மாற்ற விட்டதில்லை. ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர், முன்னால் மூன்று பேர் நெருங்கி உட்காரும் நீளச் சீட்டு, பின்னால் பழுப்பு ரெக்சின் போட்ட இன்னொன்று, எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே. பழைய கார் சேகரிக்கும் ஒருவர் வானவடியிலிருந்து வந்து சுற்றிப் பார்த்தார். இவ்வளவு ஒரிஜினலாக ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்தச் சொல் கைக்குக் கிடைத்துவிட்டது.

"ஒரிஜினல்டா அது. கை வச்சா போச்சு."

"வேகமாவே போகமாட்டேங்குது. போய்ச் சேர வேண்டிய நேரத்துக்குப் போய்ச் சேருதா சொல்லுங்க" என்பான் அண்ணன்.

அப்பா துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விடுவார். நான் அண்ணன் கட்சி. பாட்டுக் கேட்கப் பெரிய ஸ்பீக்கர் வைப்பதாகச் சொல்லியிருந்தான்.

அம்மாவின் வருஷத் திவசத்துக்கு அப்பா மட்டும் திருச்சிக்குப் போனார். அண்ணன் பரீட்சை என்று சொல்லி நின்றுகொண்டான். அப்பா ரயிலேறிய மறுநாளே சாங்வியில் சினேகிதன் நடத்திய கராஜுக்குக் காரை ஓட்டிப் போனான். திரும்பி வந்தபோது கார் சிவப்பாக இருந்தது. அகலச் சக்கரங்கள், தரையிலிருந்து எழும்பும் கியர், முன்னும் பின்னும் கறுப்பில் புதுச் சீட்டுகள். ஸ்பீக்கரும் இருந்தது. நான் கை தட்டினேன்.

அப்பாவை அழைத்துவர அதிலேயே ஸ்டேஷனுக்குப் போனோம். அவர் வெளியே வந்து வெள்ளைக் காரைத் தேடினார். அண்ணன் ஹாரன் அடித்தான். அப்பா கிட்டே வந்து, குனிந்து, பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"பழைய சீட்டு எங்கடா?"

"பங்கார்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்பா."

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். வண்டி மாறி மாறி சாங்வி போய், அந்தப் பங்கார்காரனின் பழைய இரும்புக் கடையைக் கண்டுபிடித்தோம். கடைக்காரர் ஒரு மூலையைக் காட்டினார். சீட்டை எரித்து ஸ்பிரிங்கை மட்டும் எடுத்திருந்தார்கள். கரிக்குள் பழுப்பாய்க் கிடந்த ஒரு துண்டை அப்பா எடுத்தார். அது விரலிலேயே உதிர்ந்தது. அவர் எழுந்திருக்காமல் அங்கேயே குந்தியிருந்தார்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"புது சீட்டு இத விட மெத்துமெத்துன்னு இருக்குப்பா."

"சரி பாப்பா" என்றார்.

அந்தக் காரில் அப்பா ஒருநாளும் ஏறவில்லை. எனக்கு விளங்காதது, அண்ணனும் அதை ஓட்டவில்லை என்பதுதான். இவ்வளவு பாடுபட்டு மாற்றியவன் சாவியைக்கூடத் தொடவில்லை. சிவப்புக் கார் வாசலில் நின்று மழையில் நனைந்தது. பிறகு யாரோ வாங்கிப் போனார்கள். அண்ணன் வேலை தேடிக் கோயம்புத்தூர் போனான். இன்றுவரை அப்பாவும் அவனும் போனில் "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டியதில்லை. ஒரு காருக்காக இப்படியா என்று நான் இருவர் மேலும் கோபப்பட்டுக்கொண்டே வளர்ந்தேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். என் கல்யாணத்துக்கு வந்தபோதுதான் அண்ணன் உண்மையைச் சொன்னான். அவுந்த் ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும் வழியில், சிஞ்ச்வட் நெரிசலிலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது. பின்சீட்டில் அவள் தலை அண்ணன் மடியில் இருந்தது. அப்பா திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டே, இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கை ஸ்டீயரிங்கை விட்டுவிடுமோ என்று பயந்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அண்ணன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னானாம்.

"அம்மா தூங்குறாங்கப்பா."