பஞ்சுக் கிட்டங்கியும் ஆணி பூட்ஸும்

"ஏட்டையா, பொம்பளைக பூராம் கிட்டங்கிக்குள்ள போய் உக்காந்துட்டாளுக. வெளிய வர மாட்டேங்குறாளுக. நீங்க ஆளோட வந்து அள்ளிப் போடுங்க!"

தேனி ஸ்டேஷன் வாசலில் நின்று, பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கிற ஜின்னிங் பேக்டரியின் முதலாளி இப்படிக் கத்திய நாளை நான் மறக்கவில்லை. அள்ளிப் போடுவதற்கு அவர்கள் என்ன குப்பையா என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். எஸ்.ஐ. மதுரை கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தார். அன்றைக்கு ஸ்டேஷனில் பெரிய ஆள் ஹெட் கான்ஸ்டபிளான நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் பேன்ட் போட்டு பைக்கில் வருகிறார்கள். எங்களுக்கு அரை டிராயர், முழங்காலுக்குக் கீழே சுற்றிச் சுற்றிக் கட்டிய துணிப்பட்டி, அடியில் வரிசையாக இரும்பு ஆணி அடித்த பூட்ஸ். நாங்கள் நடந்து வந்தால் தெருமுனையிலேயே சத்தம் கேட்டுவிடும். திருடனும் உஷாராகிவிடுவான்.

அத்துமீறல் எப்போது தொடங்கியது?

புகார் மனுவில் 'அத்துமீறி நுழைந்து' என்று எழுதியிருந்தார் முதலாளி.

"காலையில கேட்டைத் திறந்தது யாரு?" என்று கேட்டேன்.

"எங்க வாட்ச்மேன்தான்."

"அப்ப நீங்களே உள்ள விட்டிருக்கீக. அத்துமீறி எங்கிட்டு நுழைஞ்சாக?"

"வந்தது வேலைக்கு ஏட்டையா. வந்த பெறகு செஞ்சது வம்பு. நீங்க அவளுகளுக்கு வக்கீலா, போலீஸா?"

சட்டம் அவர் பக்கமும் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. முறையாக உள்ளே வந்தவர்களும், மிரட்டுவதற்காகவோ தொந்தரவு செய்வதற்காகவோ அங்கேயே தங்கிவிட்டால் குற்றம்தான். ஆனால் தொழில் தகராறில் போலீஸ் மூக்கை நுழைக்காதே என்று மேலிடம் சொல்லும். சொத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஏன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அதே மேலிடம் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது ஏட்டு.

விஷயம் இவ்வளவுதான். செல்லத்தாயி என்கிற பெண்ணின் வலது கை, பருத்தி தள்ளும்போது ரோலருக்குள் போய்விட்டது. விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவளிடம், "கையில்லாதவளுக்கு இங்கன என்ன வேலை?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் முதலாளி. மறுநாள் காலையில் மற்ற பெண்கள் மெஷினுக்குப் போகாமல், பஞ்சைக் குவித்து வைக்கிற கிட்டங்கிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

இதில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. அந்தப் பெண்களுக்கு முன்னால் நின்றவள் பேச்சியம்மா. என் மனைவியின் கூடப் பிறந்த தங்கச்சி. மார்க்கையன்கோட்டையில் பிறந்து தேனியில் வாக்கப்பட்டவள். அன்று காலையில் எனக்குச் சோறு போடும்போதே என் மனைவி சொன்னாள்: "பேச்சி இன்னைக்கு என்னமோ செய்யப் போறா. நீங்க கோவத்துல கைய கிய நீட்டிராதீக."

ஸ்டேஷனில் யாருக்கும் இந்த உறவு தெரியாது. தெரிந்தால் நான் எந்தப் பக்கம் பேசினாலும் என் பேச்சு எடுபடாது. சைக்கிளை மிதித்துக்கொண்டு பேக்டரிக்குப் போனேன்.

மணல் டின்

ஜின்னிங் பேக்டரிக்கு என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. கேட்டில் மணல் நிரப்பிய மண்ணெண்ணெய் டின் இருக்கும். பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்பும் வெளியேதான். முதலாளியே வெறுங்காலோடுதான் கிட்டங்கிக்குள் போவார். தரையெல்லாம் கல் பாவியிருக்கும். செருப்பின் அடியில் ஓர் ஆணி இருந்து அது கல்லில் உரசினால் போதும்.

ஏன் போதும் என்பது எனக்குத் தெரியும். போடி ரோட்டில் ஒரு பஞ்சு லாரி எரிந்தபோது நான் பந்தோபஸ்தில் நின்றவன். மற்றத் தீ நின்று எரியும். பஞ்சில் பிடித்த தீ ஓடும். நாம் 'ஐயோ' என்று வாயைத் திறப்பதற்குள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். அந்த லாரி டிரைவர் கதவைத் திறக்கக்கூட நேரமில்லை. அதற்குப் பிறகு வெகுநாள் வரைக்கும் விளக்குத்திரி கிள்ளக்கூட என் மனைவியைத்தான் கூப்பிடுவேன்.

அன்றைக்கு வாட்ச்மேன் பயந்து ஓடிவிட்டான். ஆனாலும் மணல் டின் கிட்டங்கி வாசலில் இருந்தது. பேச்சியம்மா தூக்கி வந்து வைத்திருந்தாள். வாசலிலேயே காவலுக்கு உட்கார்ந்திருந்தாள்.

"மச்சான், தீப்பெட்டி இருந்தா இதுல போடுங்க. பூட்ஸைக் கழட்டுங்க."

"ஏய், மச்சான்னு கூப்பிடாத. ஏட்டையான்னு கூப்பிடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"சரிங்க ஏட்டையா மச்சான்."

பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கூரை மோட்டு உயரத்துக்கு உதிரிப் பஞ்சு குவித்துக் கிடந்தது. அதில் சாய்ந்துகொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே போக இருந்தது அந்த ஒரே வாசல்.

"ஆத்தா, வேற எங்கயாச்சும் உக்காரக் கூடாதா? முத்தத்துல உக்காருங்க. மரத்தடியில உக்காருங்க. இங்கன வேணாம்" என்று கெஞ்சினேன்.

"முத்தத்துல உக்காந்தா யாரு மதிப்பா?" என்றாள் பேச்சியம்மா. "ஒத்தக் கையால செய்யுற வேலை ஒண்ணு செல்லத்தாயிக்குக் குடுக்கச் சொல்லுங்க. இப்பவே எந்திரிச்சுப் போயிருவோம்."

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "நீங்க போலீஸ் வேலையப் பாருங்க. பஞ்சாயத்து பண்ண ஒங்களைக் கூப்பிடல" என்று சொல்லிவிட்டு, மதுரைக்கே போன் போட்டுவிட்டார்.

மதுரை வேன்

பொழுது சாயும் நேரத்துக்கு ரிசர்வ் போலீஸ் வேன் வந்து நின்றது. கூடவே இன்ஸ்பெக்டரும் வந்தார். வேனிலிருந்து ஆட்கள் குதித்தபோது கேட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அத்தனை பேர் காலிலும் ஆணி பூட்ஸ்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். "பத்து நிமிஷத்துல முடிக்கணும். உள்ள போ, தூக்கு, வேன்ல ஏத்து" என்றார்.

நான் முதலாளியைப் பார்த்தேன். தினமும் செருப்பைக் கழற்றச் சொல்லி ஊரையே விரட்டுகிற மனுஷன் இப்போது வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஆணி பூட்ஸையும் பார்த்தார், கிட்டங்கி வாசலையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் பேசினால் இன்ஸ்பெக்டர் கோபப்படுவார். உறவு தெரிந்தால் என் வேலைக்கே ஆபத்து. பேசாமல் இருந்தால் உள்ளே இருக்கிறவர்கள் கதி என்ன? அந்த லாரி டிரைவர் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அப்படியே தரையில் உட்கார்ந்து என் காலில் இருந்த பட்டியை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"என்னய்யா இது? கோயிலுக்கா போற?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐயா, பஞ்சுக் கிட்டங்கிக்குள்ள ஆணி பூட்ஸோட போகக் கூடாதுங்கய்யா. பொறி பறந்தா பத்திக்கும். உள்ள இருக்கவகளும் வெளிய வர முடியாது, நம்மாளும் வர முடியாது. வேணும்னா முதலாளியக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பி முதலாளியைப் பார்த்தார்.

"எப்பவும் கழட்டுறதுதான்" என்று இழுத்தார் முதலாளி. "இன்னைக்கு ஒரு நாள் போனா என்னங்க ஆயிரப் போகுது?"

இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சரி, கழட்டித் தொலைங்கடா" என்றார். ரிசர்வ் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே வரிசையாக உட்கார்ந்து பட்டியை அவிழ்த்தார்கள். ஒருவன் சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. கிட்டங்கி வாசலில் எட்டிப் பார்த்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பும் பயமாக இருந்தது. கோபத்தில் இருக்கிற போலீஸ்காரனைப் பார்த்துச் சிரித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் பேச்சியம்மா வாசலிலிருந்து சத்தம் போட்டாள்: "லத்தி நுனியிலயும் இரும்புப் பூண் இருக்கு, அதையும் வெளிய போடச் சொல்லுங்க மச்சான்!"

பட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மச்சானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாங்கய்யா. எம்பொண்டாட்டி தங்கச்சி."

"அதானே பார்த்தேன்! கொழுந்தியாளுக்காக டிராமா போடுறியா? நாளைக்கு உன் சட்டைக் கையில இந்த ஏட்டுக் கோடு இருக்காது பாத்துக்க. டேய், எல்லாரும் பூட்ஸைப் போடுங்கடா!"

"ஐயா, எங்கொழுந்தியா மட்டுமில்ல, உள்ள போற நம்ம பிள்ளைகளும்..." என்று ஆரம்பித்தேன். "வாயை மூடு" என்றார். ஓடிப்போய்க் கிட்டங்கி வாசலில் குறுக்கே படுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பூட்ஸை மாட்டிக்கொண்டவர்கள் கேட் வளைவுக்குக் கீழே வரிசையில் நின்றார்கள். லாரி ஏறி இறங்குவதற்காக அங்கே கருங்கல் பாவியிருந்தது. பொழுது சாய்ந்து வளைவுக்குக் கீழே நல்ல இருட்டு.

"அட்டென்ஷன்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

போலீஸ்காரனுக்கு அட்டென்ஷன் என்றால் காலைத் தூக்கி அடிக்க வேண்டும். அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, கால் தானாகச் செய்துவிடும். எல்லாக் காலும் ஒன்றாகக் கருங்கல்லில் இறங்கின. ஓரத்தில் நின்றவன் குதிகாலுக்குக் கீழே சரட்டென்று பொறி பறந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

எல்லோரும் பார்த்தோம். கிட்டங்கி வாசலில் நின்ற பெண்களும் பார்த்தார்கள். அந்தப் பையன் தன் காலையே குனிந்து பார்த்தான். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

இன்ஸ்பெக்டரும் அந்த பூட்ஸைப் பார்த்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "ஒரு நாள் போனா என்ன ஆயிரும்னு கேட்டீங்களே. என் பிள்ளைங்கள இதுக்குள்ளயா அனுப்பச் சொன்னீங்க?"

ஆத்திரத்தில் முதலாளிக்குப் புத்தி மழுங்கியிருந்ததா, இல்லை, வேறு கணக்கு எதுவும் இருந்ததா, இன்று வரை எனக்குத் தெரியாது. டீக்கடையில் இன்ஷூரன்ஸ் அது இது என்று பேசிக்கொண்டார்கள். பார்க்காததை நான் சொல்ல மாட்டேன்.

இன்ஸ்பெக்டர் குனிந்து தன் ஷூவைத் தானே கழற்றினார். லத்தியைச் சுவரில் சாய்த்தார். என்னைப் பார்த்து, "வாய்யா மச்சான்" என்றார். இரண்டு பேரும் வெறுங்காலோடு உள்ளே போனோம். கணுக்கால் வரைக்கும் பஞ்சில் புதைந்தது. அப்படி நடக்கிறவனால் யாரையும் மிரட்ட முடியாது.

"இந்தாம்மா, வேலை குடுக்குற அதிகாரம் எனக்கில்லை" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா நாளைக்கு லேபர் ஆபீசரைக் கூட்டிட்டு வர்றேன். முதலாளியும் உக்காந்து பேசுவார். அதுக்கு நான் பொறுப்பு. இப்ப மொதல்ல இங்கருந்து வெளிய வாங்க. கேஸ் கேஸ்தான், அதுல மாத்தமில்ல."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பொறியை அவர்களும் பார்த்திருந்தார்கள். பேச்சியம்மா எழுந்து சேலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டினாள். எல்லோரும் தங்கள் காலாலேயே நடந்துபோய் வேனில் ஏறினார்கள். யார் மேலும் ஒரு கை படவில்லை. கடைசிப் பெண் வாசலைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், அழுகை வந்துவிட்டது.

வேன் ஜன்னலிலிருந்து பேச்சியம்மா கத்தினாள்: "மச்சான், அக்காகிட்ட சொல்லிருங்க, எனக்கு இன்னைக்கு ஸ்டேஷன்லதான் சோறாம். கொழம்பு மட்டும் குடுத்து விடச் சொல்லுங்க!"

பிறகு

என் கோடு போகவில்லை. உறவை மறைத்ததற்கு ஒரு மெமோ வந்தது. அது நியாயம்தான், பதில் எழுதிக் கொடுத்தேன். லேபர் ஆபீசர் வந்தார், பேச்சு நடந்தது, முறிந்தது, மறுபடி நடந்தது. அதெல்லாம் இழுத்துக்கொண்டே போன கதை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வேலைக்காரர்கள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள் என்று போன் வந்தால், உள்ளே போக அதிகாரம் இருக்கிறதா என்று சட்டப் புத்தகத்தைப் பாருங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். அந்த இடத்துக்குள் தினமும் போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள் என்றும் பாருங்கள். சொத்தைக் காப்பாற்றப் போய் உயிரைக் கொளுத்திவிட்டு வந்தால், அந்த டூட்டி யாருக்கு?

சில மாதங்கள் கழித்து ஒரு சம்மன் கொடுப்பதற்காக அதே பேக்டரிக்குப் போனேன். அவசரத்தில் விறுவிறுவென்று கேட்டைத் தாண்டினேன். பின்னாலிருந்து டின்னைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பழைய வாட்ச்மேன் உட்காரும் இடத்தில் செல்லத்தாயி உட்கார்ந்திருந்தாள். மணல் டின் அவள் முன்னால் இருந்தது. இடது கையால் என் காலைக் காட்டினாள்.

"ஏட்டையா, பூட்ஸு."

அங்கேயே உட்கார்ந்து பட்டியை அவிழ்த்தேன். அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. டூட்டியில் இருந்தாள்.