மாதங்கிக்குப் பதில் இவர்

ஆவணி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, பகல் இரண்டு பத்துக்கு மாதங்கி போய்விட்டாள். சாகவில்லை, லண்டனுக்கும் போகவில்லை. கற்பூரத் தட்டோடு பூசை அறைக்குள் நுழைந்தாள். விளம்பரம் வந்து போனது. அதே புடவை, அதே தட்டு, வெளியே வந்தது வேறொருத்தி. திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: 'மாதங்கி பாத்திரத்தில் இனி இவருக்குப் பதில் இவர்.'

எர்ணாவூர் அருகே, துறைமுகம் பார்த்து நின்ற டிரெய்லர் லாரி வரிசையில், தன் வண்டியில் உட்கார்ந்து கைப்பேசியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த குணசேகரனுக்கு வாயிலிருந்த கருவாடு முள்ளோடு இறங்கிவிட்டது.

"யாருடா இவ? கேஸ் சிலிண்டர் போட வந்தவ மாரி கீறா!"

பின்வண்டிக்காரன் ஃப்ரெடி சாப்பாட்டு டப்பாவோடு ஓடிவந்து ஏறிக்கொண்டான். காசிமேட்டுப் பையன், அவனும் அதே தொடரைத்தான் பார்க்கிறான்.

"மாமு, புச்சு சோக்காதான் கீது. பழசு மொறச்சா ஒரு புருவம்தான் ஏறும். இதுக்கு ரெண்டும் ஏறுது பாரு."

"ஒரு புருவம் ஏறுனாதான்டா மாமியாரு. ரெண்டும் ஏறுனா, கண்ணு டாக்டராண்ட வந்தவ."

"அப்ப டைரக்டரு இன்னாதான் பண்ணணும்ன்ற?"

"மரியாதையா போட்டோக்கு மாலை போட்டு அனுப்பியிருக்கணும். நானும் ரெண்டு வாரம் அழுது முட்ச்சிருப்பேன். அத்த உட்டுட்டு, பூசை ரூமுக்கு ஒருத்திய அனுப்பி இன்னொருத்திய வெளில வுடுறான். இது பூசை ரூமா, டயர் மாத்துற கடையா? இனிமே பாக்க மாட்டேன்டா. இந்த ஸ்டேரிங் மேல சத்தியம்."

புதியவள் வாய் திறக்கும் முன்பே தொடரை அணைத்தார். டிரெய்லர்காரன் ஸ்டியரிங் மேல் சத்தியம் செய்தால் அது கோர்ட்டு தீர்ப்பு மாதிரி. மாலைக்குள் வரிசையின் தலைவண்டி வரைக்கும் சேதி போய்விட்டது.

குணசேகரனுக்கு ஐம்பது வயது. புளியந்தோப்பில் பிறந்து, பதினாறு வயதில் கிளீனராக ஏறி, இருபத்தாறு வருடமாகக் கண்டெய்னர் இழுக்கிறார். கண்டெய்னர் ஓட்டுகிறவனுக்கு ஓட்டுவது கால்வாசி வேலை, நிற்பது முக்கால்வாசி. அந்த முக்கால்வாசியில்தான் 'வாசல் வந்த வைராக்கியம்' தொடர் அவர் வாழ்க்கைக்குள் வந்தது.

அதற்கு முன் எம்.கே.பி. நகரிலிருந்து மனைவி யசோதரா தினம் மதியம் போன் செய்வாள்.

"துன்னியா?"

"துன்னேன்."

"வை."

பத்தொன்பது வருடம் இதுதான் அவர்களின் தாம்பத்தியப் பேச்சு. சண்டையும் இல்லை, சங்கதியும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், "அந்த மாதங்கி மருமவள இன்னா கேள்வி கேட்டா பாத்தியா?" என்று வாய்தவறிக் கேட்டார். யசோதரா அரைமணி நேரம் பேசினாள். அவருக்கே ஆச்சரியம்: இவ்வளவு பேச்சு இவளிடம் எங்கே இருந்தது! அன்றிலிருந்து இரண்டரை மணிக்கு அவள் அழைப்புக்காகவே சீக்கிரம் கை கழுவுவார். மாதங்கியின் புருஷன் மயங்கி விழுந்த அன்று, "நீ மட்டும் இன்னா, மாத்திரைய ஒழுங்காவா போடுற?" என்று கேட்டாள். அன்றுமுதல் ஒழுங்காகப் போட்டார்.

இப்போது அந்த வியாழக்கிழமையும் இரண்டரைக்கு மணி அடித்தது.

"இன்னாய்யா, மாதங்கி கற்பூரத்த வெச்சிகினே மருமவள ஒரு வாங்கு வாங்குனா, கேட்டியா?"

"எந்த மாதங்கி? ஆளையே மாத்திட்டான்மே!"

"அப்டியா? எனக்கு ஒரே மாரிதான் கீது."

"உனுக்கு கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

போன் வைக்கப்பட்டது. மறுநாள் மணி அடித்தது.

"துன்னியா?"

"துன்னேன்."

"வை."

பதினாறு நாள் இப்படியே போனது. தொடரைப் பார்க்காமல் அவளிடம் பேச ஒன்றுமில்லை. பார்த்தால் வரிசையில் தலை காட்ட முடியாது. குணசேகரன் வேறு பேச்சுத் தேடிப் பார்த்தார். ஒருநாள், "இங்க வெயிலு," என்றார். "இங்கயும்தான்," என்றாள் அவள். அதோடு வெயிலும் தீர்ந்துபோனது.

பதினேழாம் நாள், டிரெய்லருக்கு அடியில், நிழலில் துண்டை விரித்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். திடீரென்று காதில் விழுந்தது: "இந்த வாசப்படியத் தாண்டி ஒரு கால் வெச்சுப் பாரு!"

மாதங்கி! அவருடைய மாதங்கி! துள்ளி எழுந்ததில் அடிச்சட்டத்தில் தலை 'டங்'கென்று மோதியது. அதைத் தேய்த்துக்கொண்டே ஃப்ரெடி வண்டிக்கு ஓடினார்.

"வந்துட்டாளாடா?"

ஃப்ரெடி கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். அதே சிலிண்டர்காரி. வாயைத் திறந்தால் மாதங்கி.

"டப்பிங் மாமு. மூஞ்சி ஒருத்தி, கொரலு ஒருத்தி. மூஞ்சிதான் பூட்ச்சி. கொரலு அதேதான் கீது."

குணசேகரன் அங்கேயே நின்று யசோதராவுக்குப் போன் போட்டார்.

"யசோ! கொரலு மாறலமே! அதே பொம்பளதான் பேசிகினு கீது!"

"அதத்தான்யா நானும் மொத நாளே சொன்னேன், ஒரே மாரி கீதுன்னு."

"மூஞ்சி வேறதானே?"

"மூஞ்சிய நான் எங்கய்யா பாத்தேன்? ரவிக்கை தைக்கும்போது ஊசிலேர்ந்து கண்ண எட்த்தா வெரலு பூடும். மூணு வருசமா கேட்டுகினு மட்டும்தான் கீறேன். ஆமா, அந்த பழைய மாதங்கி குண்டா, ஒல்லியா?"

மூன்று வருடம் ஒரு பெண்ணைப் பற்றி விடிய விடியப் பேசாத குறையாகப் பேசியிருக்கிறார்கள்; இருவரில் ஒருவர் அவள் முகத்தையே பார்த்ததில்லை. பதில் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. முன்னால் ஒரு வண்டி நீளத்துக்குக் காலி. பின்னால் இருபது ஹாரன் ஒன்றாக அலறியது.

"இன்னாய்யா சத்தம்?"

"இரு, வண்டிய நவுத்திட்டு வரேன். வெக்காத, லைன்லயே இரு! ஒல்லிதான்!"

மறுநாளிலிருந்து கைப்பேசி கவிழ்ந்து படுத்தபடி பேசியது. சத்தியம் என்னவாயிற்று என்று ஃப்ரெடி மடக்கினான்.

"பாக்க மாட்டேன்னுதான் நைனா சத்தியம். கேக்க மாட்டேன்னு எவன் சொன்னான்?"

பங்குனியில் தொடர் முடிந்தது. நடித்தவர்கள் எல்லோரும் திரையில் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். அந்த நேரத்துக்கு வந்த புதுத் தொடரில் வில்லனும் போலீசும் மாறி மாறிச் சுட்டுக்கொண்டார்கள். அதில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள எதுவும் இல்லை. துன்னியா, துன்னேன், வை. குணசேகரன் மறுபடி வெயிலைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். ஒருநாள் தூறல்கூடப் போட்டது, அதையும் சொன்னார்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டரை மணி வரை அவள் காத்திருக்கவில்லை. இரண்டு பத்துக்கே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. பின்னணியில் டிவி சத்தம் இல்லை; தையல் மெஷின் மட்டும் கடகடவென்று ஓட, யசோதரா பேசினாள்:

"யோவ், கேளு. இன்னிக்கி மாதங்கி தெருவுல தண்ணி லாரி வந்துச்சா, இவ கொடத்த தூக்கினு ஓடறா. அதுக்குள்ள மருமவ, இவளுக்கு முன்னாடி அஞ்சு கொடத்த வரிசையா வெச்சி எடம் புட்ச்சிட்டா. மாதங்கி பாத்தா. ஒண்ணியும் பேசல. மெதுவா குனிஞ்சி, மொத கொடத்த கைல எட்த்தா. எட்த்து... இரு, விளம்பரம். துன்னுட்டு போன் பண்ணு."