எழுதாமல் விட்ட கதவு

கதவைத் திறந்தது நான்தான். ஒருமுறை அல்ல... பலமுறை. ஒருமுறைகூட எழுதி வைக்கவில்லை.

ஸ்டெல்லாவை உங்களுக்குத் தெரியாது. மணப்பாட்டில் எட்டாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அதோடு நான் பள்ளியை விட்டேன். அவள் படித்துக்கொண்டே போனாள். பல வருடம் கழித்து, தூத்துக்குடியில் ஒரு கல்லூரி... அவள் ஆராய்ச்சி மாணவி, நான் அதே ஆய்வகத்தைக் கூட்டித் துடைப்பவள். 'மேடம்' என்று கூப்பிட்டேன். "கிறுக்கச்சி மாதிரி பேசாதளா" என்று முதுகில் ஓர் அடி வைத்தாள்!

ஒளியைக் கொண்டு கணக்குப் போடும் 'குவாண்டம் கேட்' என்ற கருவி ஒன்றை அவள் அமைத்திருந்தாள். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பதுதான் ஆராய்ச்சி. "வெளிச்சம் போன வழியே திரும்புனா, கெளம்புன எடத்துக்கே வந்து நிக்கணும்ளா. எத்தன தடவ வழி தப்புதுன்னு பாக்கணும்" என்பாள்.

சூடு, காற்று, அதிர்வு... எது பட்டாலும் வழி தப்பும். துறைமுக லாரிகளின் அதிர்வைக்கூட அளந்து கழித்துவிடுவாள். சோதனை ஓடும்போது ஆய்வகக் கதவைத் திறந்தால் மட்டும் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். அந்த அளவுகளை நீக்கிவிடுவாள்.

மதியம் சோதனையை ஓடவிட்டுச் சாப்பிடப் போவாள். எனக்கோ பயம்... உள்ளே ஏதும் கருகுகிறதோ? திறந்து பார்ப்பேன். மூடுவேன். மறுபடியும் சந்தேகம்! எழுதினால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று எழுதவில்லை.

அது முதல் வாரம். கேட் தேறிவிட்டால் வெளிநாட்டுக்குப் போய்விடுவேன் என்று அவள் சொன்ன பிறகு...? அப்போதும் பயந்துதான் திறந்தேனா? அவளுடைய வெற்று நாற்காலியை ஏன் அத்தனை நேரம் பார்த்து நின்றேன்? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அளவுகள் தப்பின. கண்ணாடிகளை மாற்றினாள். மறுபடி முதலிலிருந்து அடுக்கினாள். அப்போதும் தப்பின. ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"ஏளா, நான் இல்லாதப்ப கதவத் தொறந்தியா?"

"இல்லளா."

குறிப்பேட்டைப் புரட்டக்கூட இல்லை. என் சொல்லை நம்பினாள். தான் அமைத்த குவாண்டம் கேட்டை நம்பவில்லை. பிழை தன்னுடையதே என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆராய்ச்சியையே விட்டாள்.

இப்போது ஏரலில் கணக்கு டீச்சர். ஒரு பஸ் ஏறினால் போதும், பார்த்துவிடலாம். நான் ஆசைப்பட்டது இதைத்தானே! ஆனால் என் மனம் தேடுவது அந்தப் பழையவளை... அளவு ஒன்று நேராக வந்துவிட்டால் என் கையைக் கிள்ளிச் சிரிப்பாளே, அவளை. ஏரலில் அவள் இல்லை.

ஞாயிறுதோறும் போன் செய்வாள். சொல்லவேண்டிய அந்த ஒற்றை வரியைக் காலையிலிருந்தே மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"சொல்லுளா" என்பாள்.

சாப்பிட்டியா என்று கேட்பேன்.