ஓடீலின் அறைக்கு ஒரு ஹீட்டர்

பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா குண்டாக்களோடு மல்லுக்கட்டியே வயதாகிப்போன ஓடீல் சீர், ஓய்வு பெற்ற கையோடு துருத்திபோல் இழுத்து மடக்கும் அக்கார்டியன் வாசிக்கக் கிளம்பினாள். மாதாகோயில் ஏலத்தில் கிடைத்த பழைய பெட்டி. வாசிப்பு சுமார்தான், ஆசைதான் பெரிது. பிப்ரவரியில் ஊர்க்கூடத்து நடன விருந்தில் ஒரு பாட்டையாவது தட்டுத்தடுமாறாமல் முழுதாக வாசித்துவிட வேண்டும்.

குறுக்கே நின்றது குளிர். அமெரிக்காவின் வடக்கு மேய்னில் நவம்பர் வந்தால் பலரும் செய்வதை ரேயால் என்கிற அவள் கணவனும் செய்வான். அடுப்புச் சூடு சிதறாமலிருக்க நடைவழியில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, அந்தப் பக்கத்து அறைகளை ஏப்ரல் வரை அடைத்துவிடுவான். அப்புறம் குடித்தனமெல்லாம் சமையலறை விறகடுப்பைச் சுற்றித்தான். ஓடீலின் அறையோ போர்வைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சமையலறையிலேயே வாசித்துப் பார்த்தாள். ஹாக்கி வர்ணனை காதில் விழாமல், ரேயால் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். போன வேகத்தில் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

"ஒரு ஹீட்டர் வாங்கிக் குடுத்துட்டா நான் அந்த ரூம்ல கெடக்கப் போறேன்" என்றாள் ஓடீல்.

"கரண்ட் பில்ல யாரு கட்டுவா? உன் பொட்டியா?"

ஆளில்லாத அறையில் பல்பு எரிந்தாலே வயிறெரிகிறவன் அவன். ஆனாலும் மறுநாள் இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள்.

இருப்பதிலேயே மலிவான மின்விசிறி ஹீட்டரை ரேயால் கையில் எடுத்துக்கொண்டான். கடைக்காரி கோரின் அதை ஓடவிட்டாள். இரைச்சல் காதைப் பிளந்தது.

"இதுவே இப்படி வாசிச்சா அப்புறம் நான் எதுக்கு?" என்றாள் ஓடீல்.

பாதி பில் மிச்சம் என்று அட்டையில் போட்டிருந்த விலை கூடிய ஒன்றை ரேயால் காட்டினான்.

"அட்டைய நம்பாதீங்க. ஒரே அளவு கரண்ட் தின்னா, எல்லாம் ஒரே அளவு சூடுதான் தரும்" என்றாள் கோரின். "ரூமைச் சூடாக்கணுமா, ஆளைச் சூடாக்கணுமா? அத மட்டும் சொல்லுங்க."

"ஆள மட்டும் போதும்" என்றான் ரேயால் அவசரமாக.

கோரின் கம்பி சிவக்கும் ஹீட்டரை எதிரில் வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்த ஓடீலுக்கு நொடியில் முழங்கால் கதகதத்தது. சொர்க்கம்தான். மடியில் பெட்டி இருப்பதுபோல் கைகளை விரித்துப் பார்த்தவள் சட்டென எழுந்துவிட்டாள்.

"ஐயையோ, மெழுகு!"

அக்கார்டியனுக்குள் ஒலி எழுப்பும் தகடுகளை மெழுகு வைத்துத்தான் ஒட்டியிருக்கும். நேர்ச் சூடு பட்டால் உருகிவிடும்.

"அப்ப முதுகுப் பக்கம் வச்சுக்கோ."

"வெரல் வெறச்சுப் போனா முதுகாலயா வாசிக்கிறது?"

கடைசியில் எண்ணெய் அடைத்த ஹீட்டர் வந்தது. சத்தமில்லை, சூடும் மிதமானது. அறை சூடானதும் தானே நின்றுகொள்ளும். சின்ன அறைதான், கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டால் கரண்ட் அதிகம் தின்னாது. ஒரே குறை, வாசிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும்.

"ஆளில்லாத ரூமுக்கு ஒரு மணி நேரம் சூடா?" என்று ரேயால் அங்கலாய்த்தான்.

"உனக்கு ஹாக்கி கேக்கணுமா, வேண்டாமா?"

அவன் பர்ஸைத் திறந்தான்.

அதன்பின் தினமும் மதியம் போர்வையை விலக்கிக்கொண்டு போய் ஓடீல் ஹீட்டரைப் போடுவாள். அவன் முகத்தைச் சுளிப்பான்.

நடனத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. ஒருநாள் விருந்துக்கு இறைச்சி அடைத்த பலகாரம் சுட மாதாகோயிலுக்குப் போனவள், பனி வாரும் வண்டிக்குப் பின்னால் சிக்கி இருட்டியபின்தான் வீடு வந்தாள். ஹீட்டர் நினைவு வந்ததும் மனசு விட்டுப்போயிற்று. இனி எப்போது சூடாகி, எப்போது வாசிப்பது? எதற்கும் பார்ப்போமென்று போர்வையை விலக்கினாள். கதவிடுக்கில் துண்டு செருகியிருந்தது. உள்ளே யாருமில்லை, அறை மட்டும் வெதுவெதுவென்றிருந்தது.

"ரேயால், நீயா போட்ட?" என்று திரும்ப வந்து போர்வையை விலக்கிக் கேட்டாள்.

அடுப்பருகிலிருந்து அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "மூணாவது வரியில தெனம் தப்பு விடுற. இன்னிக்காவது ஒழுங்கா வாசி, போ."

தினமும் கேட்டிருக்கிறான்! ஓடீலுக்குக் கண் நிறைந்துவிட்டது. உட்கார்ந்து வாசித்தாள். அதே மூன்றாவது வரியில் சறுக்கினாள்.

"மறுபடியும்!" என்று போர்வைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை பாட்டு முடியும்வரை விரல் எங்கும் தடுக்கவில்லை.

"அவ்ளோதான்" என்றான் ரேயால். "ஹீட்டர அமத்திட்டுச் சாப்பிட வா."